காற்றில் வரும் மின்சாரம் யாருடையது?

சென்ற வாரம் நமது காரியாலயத்துக்கு ஒரு பழைய நண்பர் வந்திருந்தார். அவர் கையில் ஒரு விளம்பரத் துண்டு இருந்தது. தபால் தலை அளவுள்ள ஒரு தகட்டைச் செல்போனின் முதுகில் ஒட்டிவிட்டால் போதுமாம். காற்றிலே பரவிக் கிடக்கும் ரேடியோ அலைகளை அது உறிஞ்சி, போனுக்கு இரவும் பகலும் மின்சாரம் ஊட்டுமாம். கம்பியும் வேண்டாம், கட்டணமும் வேண்டாமாம். “இது மெய்யா, பொய்யா? வக்கீலாகிய நீர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்” என்றார் நண்பர்.

“மெய் பாதி, பொய் பாதி. பாதி மெய்யை முன்னால் நிறுத்தி முழுப் பொய்யை விற்கிறார்கள்” என்று சொல்லி அவரை அனுப்பினோம். ஆயினும் அவர் போன பின்பு அவ்விஷயம் நம்மை விடவில்லை. காற்றில் வரும் மின்சாரத்தால் இயங்கும் பொருள்கள் மெய்யாகவே நம்மிடையே பெருகி வருகின்றன. அவை நம் சட்டைப் பையிலும், நம் வண்டியின் கண்ணாடியிலும், சில குழந்தைகளின் தலையினுள்ளும் இருக்கின்றன. இவற்றைக் குறித்துப் பொதுஜனங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சமன்று.

அலையில் உள்ள சக்தி

முதலில் மெய்யான பாதியைப் பார்ப்போம். ரேடியோ அலை செய்தியை மாத்திரம் சுமந்து செல்லும் தூதன் அன்று; அது சக்தியையும் சுமந்து செல்கிறது. ஒலிபரப்பு நிலையத்தில் செலவாகும் மின்சாரத்தின் ஒரு பகுதியே அலையாக உருமாறி நாற்றிசையும் பரவுகிறது. வழியில் ஓர் உலோகக் கம்பி எதிர்ப்பட்டால் அதில் மிக நுண்ணிய மின்னோட்டம் உண்டாகும். ஆனால் அவ்வோட்டம் ஒரு பக்கமாகப் பாய்வதில்லை. விநாடிக்குப் பல லட்சம் தடவை, சில அலைகளில் பல கோடி தடவை, முன்னும் பின்னும் ஊசலாடுகிறது. நுண்கருவிகளை இயக்க இந்த ஊசலாட்டம் நேராக உதவாது. நீரை ஒரு பக்கமே செல்லவிடும் கதவைப் போல மின்சாரத்தை ஒரு திசையிலேயே செல்லவிடும் பொருள் ஒன்று வேண்டும். அது இருந்தால் சொட்டுச் சொட்டாக வரும் மின்சாரத்தைச் சேர்த்து வைத்து வேலை வாங்கலாம்.

சில கனிமங்களுக்கு இக்குணம் உண்டென்பதை ஜெர்மனியில் பெர்டினாண்ட் பிரௌன் 1874-ஆம் வருஷத்திலேயே கண்டார். ரேடியோ அலையைப் பிடிப்பதற்குக் கலீனா என்னும் ஈயக் கனிமத்தைப் பயன்படுத்தலாம் என்று காட்டிய பெருமை நம் நாட்டு விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸைச் சாரும். 1895-ஆம் வருஷத்தில் அவர் கல்கத்தாவில், இடையே சுவர்கள் நிற்கவும், கம்பியின் தொடர்பில்லாமல் அலையை அனுப்பி மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் பற்ற வைத்தார். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மணியை அடித்த மின்சாரம் அலையில் வந்ததன்று. மணியின் பக்கத்திலிருந்த பாட்டரியில் இருந்தது. அலை செய்தது பூட்டைத் திறக்கும் சாவியின் வேலையே. பாட்டரியே இல்லாமல், வந்த அலையின் சக்தியாலேயே கருவி இயங்கும் காலம் அதன் பின்னர்தான் வந்தது.

அதற்குப் பெயர் கிரிஸ்டல் ரேடியோ. சென்னையில் ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கிய 1924-ஆம் வருஷத்தில், உலகின் பல பாகங்களில் எளியவர்களின் ரேடியோவாக விளங்கியது அதுவே. நீண்ட வான்கம்பி ஒன்று, சுருட்டிய செப்புக் கம்பி ஒன்று, ஒரு துண்டுக் கனிமம், அதைத் தொடும் மெல்லிய ஊசி, காதில் வைக்கும் குழல்: இவ்வளவே அதன் உறுப்புக்கள். பாட்டரி கிடையாது, மின்சார இணைப்புக் கிடையாது. காதில் விழுந்த பாட்டின் ஒலி முழுவதும் நிலையத்திலிருந்து அலையில் வந்த சக்தியே. 1944-இல் இத்தாலியின் அன்ஸியோ முனையில் பதுங்கு குழிகளில் கிடந்த அமெரிக்கச் சிப்பாய்கள், கனிமத்துக்குப் பதிலாகத் துருவேறிய சவரத் தகட்டையும் பென்சிலின் கரித்துண்டையும் வைத்து இத்தகைய ரேடியோவைச் செய்துகொண்டார்கள்.

எவ்வளவு கிடைக்கும்?

ஆகவே அலையிலிருந்து சக்தி பெறலாம் என்பது மெய். எவ்வளவு பெறலாம் என்று கேட்டவுடன் விளம்பரக்காரரின் சாயம் வெளுத்துவிடுகிறது.

2013-ஆம் வருஷத்தில் லண்டன் இம்பீரியல் கல்லூரியார், அந்நகரின் 270 சுரங்க ரயில் நிலையங்களின் வெளியே நின்று, காற்றிலுள்ள ரேடியோ சக்தியை அளந்து வெளியிட்டார்கள். செல்போன் கோபுரங்களின் அலைகளே மிகுதி. அவற்றிலும் ஒரு சதுர சென்டிமீட்டரில் சராசரியாகக் கிடைத்தது, ஒரு மைக்ரோவாட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மைக்ரோவாட் என்பது ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நண்பகல் வெயிலோ அதே சதுர சென்டிமீட்டரில் ஏறக்குறைய ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கைக் கொட்டுகிறது. அதாவது வெயிலில் கிடைப்பதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கே நகரத்து ரேடியோ அலையில் கிடைக்கிறது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2009-இல் அமெரிக்காவின் ஸியாட்டில் நகரத்தில், சுமார் 4 கிலோமீட்டர் தூரத்திலிருந்த ஒரு பெரிய டெலிவிஷன் கோபுரத்தை நோக்கி வான்கம்பியை நீட்டி, ஏறக்குறைய 60 மைக்ரோவாட் எடுத்தார்கள்; அதைக் கொண்டு வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்து எண்ணில் காட்டும் ஒரு சிறு கருவியை இயக்கினார்கள். பாராட்டத்தக்க காரியம். ஆனால் இன்றைய செல்போன் பாட்டரி ஒன்று கொள்வது சுமார் 15 வாட்-மணி. அந்த 60 மைக்ரோவாட்டில் ஒரு துளியும் சிந்தாமல் ஊட்டினாலும் பாட்டரி நிறைவதற்கு இரண்டரை லட்சம் மணி நேரம், அதாவது 28 வருஷத்துக்கு மேல் ஆகும். கூடத்தில் எரியும் 9 வாட் விளக்கு ஒன்றை ஏற்ற வேண்டுமானால் அத்தகைய வான்கம்பிகள் ஒன்றரை லட்சம் வேண்டும். வேறெதுவும் செய்யாமல் சும்மா கிடக்கும் செல்போனுக்கே இம்மின்சாரம் போதாது. 2010-இல் அமெரிக்க வாணிபக் கண்காட்சி ஒன்றிலும் இத்தகைய கருவி ஒன்றைக் காட்டிப் பெருங் கூட்டம் சேர்த்தார்கள். அது கடைக்கு வரவேயில்லை. நம் நண்பர் கொண்டுவந்த தகடும் அந்த வம்சத்தைச் சேர்ந்ததே. அதை வாங்குகிறவர் தம் பணத்தை மெய்யாகவே காற்றில் விடுகிறார்.

அப்படியானால் அதிகச் சக்தியை அனுப்பினால் என்ன என்று கேட்கலாம். நிக்கோலா டெஸ்லா என்ற மேதாவி அதைத்தான் செய்ய முயன்றார். 1901-இல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், கோடீசுவரர் மார்கனின் பணத்தைக் கொண்டு ஒரு பெருங் கோபுரத்தை எழுப்பத் தொடங்கினார். பணம் நின்றது, வேலையும் நின்றது, 1917-இல் கோபுரத்தை இடித்துத் தள்ளினார்கள். பிற்காலத்தில் வில்லியம் பிரௌன் என்பவர் அலையை ஒரே திசையில் குவித்து அனுப்பும் வழியைக் கண்டார். 1964-இல் ஒரு சிறு ஹெலிகாப்டரை அலையின் சக்தியாலேயே அந்தரத்தில் நிறுத்திக் காட்டினார். 1975-இல் கலிபோர்னியாப் பாலைவனத்தில் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு 30 கிலோவாட்டுக்கு மேல் அனுப்பிப் பெற்றார்கள். ஆனால் இதற்கு 26 மீட்டர் அகலமுள்ள தட்டு வேண்டியிருந்தது. அலையின் பாதையில் மனிதர் நடமாடவும் கூடாது. குவிக்காமல் விட்டாலோ தூரம் இரட்டிக்கச் சக்தி நாலில் ஒன்றாகக் குறையும். இது இயற்கையின் சட்டம். இதற்கு அப்பீல் கிடையாது.

சிறு துளியின் பயன்

நிற்க. விளம்பரம் பொய்யென்பதால் விஷயமே விளையாட்டு என்று ஒதுக்குவதும் பெருந் தவறாகும். அலையில் வரும் சக்தி பெருகவில்லை. ஆனால் கருவிகளின் பசி குறைந்துவிட்டது. 2017-இல் வாஷிங்டன் சர்வகலாசாலையார் பாட்டரியே இல்லாத ஒரு டெலிபோனைச் செய்து காட்டினார்கள். அது உண்டது மூன்றரை மைக்ரோவாட். அதைச் செய்தவர்களுள் ஒருவரான சியாம்நாத் கொல்லகோட்டா சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர். அதன் நிலையம் ஒன்பது மீட்டர் தூரத்துக்குள் இருந்தாக வேண்டும் என்பதும் உண்மையே. தானே அலையை உண்டாக்காமல், வந்த அலையை மாற்றித் திருப்பி அனுப்புவதால்தான் இச்சிக்கனம் கைகூடியது. விளக்கு வைத்திராத ஒருவன், பிறர் விளக்கின் ஒளியைக் கண்ணாடியில் பிடித்துச் சைகை செய்வதை இதற்கு ஒப்பிடலாம். இந்த யோசனையை ஹாரி ஸ்டாக்மன் என்பவர் 1948-இலேயே எழுதி வெளியிட்டிருக்கிறார்.

இன்று நமது நெடுஞ்சாலைகளில் நடப்பது இதுவே. வண்டியின் முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பாஸ்டேக் சீட்டில் பாட்டரி இல்லை. சுங்கச்சாவடியில் தலைக்கு மேலிருக்கும் கருவி அனுப்பும் அலையில், ஐந்து மீட்டர் தூரத்தில் அச்சீட்டுக்குக் கிடைப்பது ஒரு வாட்டில் பத்தாயிரத்தில் ஓரிரு பங்கே. அதைக் கொண்டு சீட்டு விழித்தெழுந்து, தன் இலக்கத்தைச் சொல்லி, மறுபடி உறங்குகிறது. கடைக்காரரின் கருவியின் மேல் காட்டினாலே பணம் செலுத்தும் பாங்கிக் கார்டும், மெட்ரோ ரயில் கார்டும் இவ்வாறே. அருகிலுள்ள கருவிதான் அவற்றுக்கு உயிர் கொடுக்கிறது. பாட்டரி இல்லாததால் விலை குறைவு. தேய்ந்து தீர்ந்துபோவது இல்லை. குப்பையில் நஞ்சும் சேர்வதில்லை.

இவற்றினும் உயர்ந்த பயன் ஒன்றுண்டு. பிறவியிலேயே செவி கேளாத குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளாண்ட் என்னும் கருவியைத் தலையின் தோலுக்கு அடியில் வைத்துத் தைக்கிறார்கள். அதனுள் பாட்டரி இல்லை. காதின் பின்புறம் வெளியே அணியும் பகுதியிலிருந்து, தோலைத் துளைக்காமலே, ஒலிச் செய்தியும் மின்சாரமும் அலையாக உள்ளே செல்கின்றன. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் வாயிலாக ஏழைக் குழந்தைகளும் இச்சிகிச்சையைப் பெறுகிறார்கள். தாயின் குரலை முதன்முதலாகக் கேட்கும் குழந்தையின் முகத்தைக் கண்டவர்கள் இக்கலையை வெறும் வேடிக்கை என்று சொல்லமாட்டார்கள்.

உயிர் கொடுப்பவன் யார்?

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்பு நாம் கேட்க வேண்டிய கேள்விக்கு வருகிறோம். காற்றில் வரும் மின்சாரம் யாருக்கும் சொந்தமில்லாத பொருள்போலத் தோன்றுகிறது. அது வெறும் தோற்றமே. வெயிலுக்கும் காற்றுக்கும் முதலாளி இல்லை. ரேடியோ அலைக்கு உண்டு. யாரோ ஒருவர் கட்டணம் செலுத்தி உண்டாக்கி அனுப்பினாலன்றி அது வராது. ஆகவே பாட்டரி இல்லாத கருவி சுதந்திரமான கருவி அன்று. தன் சக்தியில் நிற்காத பொருள், சக்தி கொடுப்பவன் எழுப்பும்போது எழும். அவன் கேட்கும்போது பேசும். அவன் கைவிட்டால் மௌனமாகும்.

இதற்குச் சரித்திரத்திலே ஓர் அத்தாட்சி உண்டு. 1945 ஆகஸ்டில் மாஸ்கோவிலிருந்த அமெரிக்க ஸ்தானிகர் ஹாரிமனுக்கு, ருஷ்யச் சிறுவர்கள் மரத்தில் செதுக்கிய அமெரிக்க ராஜ்ய முத்திரை ஒன்றை நட்பின் அடையாளமாக அளித்தார்கள். அது ஸ்தானிகரின் மாளிகையிலேயே மாட்டப்பட்டது. அதனுள்ளே தெரெமின் என்ற நிபுணர் அமைத்த ஒரு கருவி இருந்தது. பாட்டரி இல்லை, கம்பி இல்லை. ஆதலால் சோதனையில் அகப்படவும் இல்லை. வெளியிலிருந்து ரேடியோ அலையை அதன்மேல் பாய்ச்சியபோது மாத்திரம், அறையிலே பேசியதை அவ்வலையில் ஏற்றித் திருப்பி அனுப்பியது. 1952-இல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். ஏழு வருஷம் அந்த முத்திரை கேட்டுக்கொண்டிருந்தது.

பாஸ்டேக் சீட்டு அத்தகைய ஒற்றன் என்று நாம் சொல்லவில்லை. வீண் பீதியைக் கிளப்புவது பத்திரிகையின் தொழிலன்று. 2022-இல் கைக்கடிகாரத்தைக் காட்டியே ஒரு பையன் பாஸ்டேக்கிலிருந்து பணத்தைத் திருடியதாக ஒரு படம் நாடெங்கும் பரவிற்று. அது கட்டுக்கதை; பதிவு பெற்ற சுங்கச்சாவடி முதலிய இடங்களுக்கன்றி வேறெவருக்கும் அப்பணம் செல்லாது. ஆனால் பணம் போகாது என்பதனால் எதுவும் போகாது என்று ஆகிவிடுமா? 2021 பிப்ரவரி முதல் அச்சீட்டு இத்தேசத்தில் கட்டாயமாக்கப்பட்டது. எந்த வண்டி எந்த நாளில் எந்த நேரத்தில் எந்தச் சாவடியைக் கடந்தது என்ற கணக்கு அதனால் உண்டாகிறது. ஒருவர் எந்த ஊர் மகாநாட்டுக்குப் போனார், எவரோடு போனார் என்று அறிய விரும்புகிறவருக்கு அக்கணக்கு எவ்வளவு உபயோகமானது என்பதை அரசியல் ஊழியர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

குழந்தையின் காதுக் கருவியிலோ சங்கடம் வேறு வகை. உள்ளே தைத்த பகுதியோடு பொருந்தக்கூடிய வெளிப் பகுதியை, அதைச் செய்த கம்பெனியே கொடுக்க வேண்டும். இக்கருவிகளைச் செய்யும் பெரிய கம்பெனிகள் ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, அமெரிக்கா தேசங்களைச் சேர்ந்தவை. வெளிப் பகுதி பழுதாகி, மாற்றுப் பகுதி வாங்கப் பெற்றோருக்குச் சக்தி இல்லாவிட்டால், தலைக்குள் இருக்கும் கருவி கெடாமலே ஊமையாகிவிடும். குழந்தை மறுபடி நிசப்தத்தில் மூழ்கும். மின்சாரத்தை அனுப்பும் பகுதி யார் கையில் இருக்கிறதோ அவர் கையிலேயே அக்குழந்தையின் செவியும் இருக்கிறது.

சட்டம் செய்ய வேண்டியது

ஒரு காலத்தில் இந்நாட்டில், பாட்டரியில்லாக் கிரிஸ்டல் ரேடியோவை வைத்துக்கொள்வதற்கும் லைசென்ஸ் வேண்டும் என்று 1933-ஆம் வருஷத்துக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் விதித்தது. கேட்பவனைக் கட்டுப்படுத்துவதே அன்றைய அன்னிய சர்க்காரின் நோக்கம். சுதந்திர இந்தியாவின் சுப்ரீம் கோர்ட், கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் 1995-இல் கூறிய தீர்ப்பு வேறு நெறியைக் காட்டிற்று. வானலைகள் பொதுஜனங்களின் சொத்து. பொதுநலத்துக்காகவே அவை ஆளப்பட வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். 2017 ஆகஸ்டு 24-இல் ஒன்பது நீதிபதிகள் கூடி, அந்தரங்கம் அடிப்படை உரிமைகளுள் ஒன்று என்றும் தீர்த்தார்கள். இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் நமது கேள்விக்கு விடை கிடைக்கிறது. அலையை அனுப்புகிறவர் பொதுச் சொத்தை உபயோகிக்கிறார். ஆகவே அவர் எதை எழுப்புகிறார், என்ன கேட்கிறார், கேட்டதை என்ன செய்கிறார் என்று விசாரிக்க ஜனங்களுக்குப் பூரண பாத்தியதை உண்டு.

இது நடவாத காரியமன்று. 2024-ஆம் வருஷம் முதல் நமது சர்க்கார் வழங்கத் தொடங்கிய மின்னணுப் பாஸ்போர்ட்டிலும் பாட்டரியில்லாச் சில்லு ஒன்று உண்டு. ஆனால் பாஸ்போர்ட்டைத் திறந்து, அச்சிட்ட வரியைப் படித்து, அதிலிருந்து பெற்ற சாவியைக் காட்டினாலன்றி அச்சில்லு வாய் திறக்காது. உயிர் கொடுத்தவனுக்கெல்லாம் பேச வேண்டும் என்ற அடிமை முறை அங்கே மாற்றப்பட்டிருக்கிறது.

நாம் வற்புறுத்துவன மூன்று. முதலாவது, சர்க்கார் கட்டாயப்படுத்தும் எந்தச் சீட்டும் எதைச் சொல்லும், யாரிடம் சொல்லும், அக்கணக்கு எத்தனை நாளுக்குப் பின் அழிக்கப்படும் என்பதைத் தமிழில் அச்சிட்டு வாங்குகிறவர் கையில் கொடுக்க வேண்டும். இரண்டாவது, பொதுப் பணத்தில் உடலுக்குள் வைக்கப்படும் எந்தக் கருவிக்கும், அது உள்ளே இருக்கும் காலம் முழுவதும் வெளிப் பகுதியைக் கட்டுப்படியாகும் விலையில் கொடுப்பதாகக் கம்பெனியிடம் ஒப்பந்தம் எழுதி வாங்க வேண்டும். மூன்றாவது, அத்தகைய வெளிப் பகுதிகளையும் சிறு அளவுகருவிகளையும் நம் நாட்டிலேயே செய்வதற்கு நமது பொறியியற் கல்லூரிகள் முனைய வேண்டும்.

மூன்றாவதற்கு ஒரு காரணம் உண்டு. 1901 மே மாதத்தில் லண்டனிலிருந்து தாகூருக்கு எழுதிய கடிதத்தில், பெருஞ் செல்வரான ஒரு தந்திக் கம்பெனி முதலாளி தம்மைத் தேடிவந்து பேடண்ட் எடுக்கச் சொன்னதையும், தாம் மறுத்ததையும் போஸ் விவரித்திருக்கிறார். அறிவை விலைக்கு விற்கலாகாது என்பது அவர் கொள்கை. நண்பர்களின் வற்புறுத்தலால் அமெரிக்காவில் மனுச் செய்து, 1904 மார்ச் 29-இல் கலீனாக் கருவிக்குப் பேடண்ட் பெற்றார்; ஆயினும் அதை வைத்துப் பொருள் தேடவில்லை. அந்தத் தியாகத்துக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆனால் அவர் விட்டுக்கொடுத்தது உலகத்தாருக்கெல்லாம் பயன்படட்டும் என்பதற்காகவே. நம் குழந்தைகளின் செவிக்குச் செல்லும் மின்சாரத்துக்குப் பிறர் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டும் என்பதற்காக அன்று.

நண்பர் கொண்டுவந்த விளம்பரத் துண்டு இன்னும் நமது மேஜைமேல் கிடக்கிறது. அந்தத் தகட்டை வாங்க வேண்டாம் என்று நேயர்களுக்கு ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். தம் சட்டைப் பையிலும் வண்டியிலும் முன்பே குடியேறிவிட்ட கருவிகள் யாருடைய அலையால் எழுகின்றன, யாரிடம் பேசுகின்றன என்று கேட்கும் வேலையை மாத்திரம் அவரவரே செய்ய வேண்டும்.